பேணியின் அடியில் இரண்டு விரல் மருந்து

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையம் ஆண்டு மலர் போடப் போகிறதாம். தாள் கிடைத்தால் அச்சில் வரும், கிடைக்காவிட்டால் கொப்பித் தாளில் எழுதி நூலால் கட்டி மேசையில் வைப்பார்களாம். ஓய்வுபெற்றவர்கள் தங்கள் தொழில் அனுபவத்தை எழுதித் தரவேண்டும் என்று வாசலில் ஒட்டியிருந்தார்கள். ரயில் கார்ட் ஒருவர் எழுதுகிறார். அவருடைய ரயில் இந்தப் பக்கம் வந்து ஐந்து வருடம் ஆகிறது, ஆகவே அவருக்கும் ரயிலுக்கும் சேர்த்து ஒரே கட்டுரை போதும். தபாலதிபர் ஒருவர் எழுதுகிறார். நானும் போய்ப் பெயர் கொடுத்தேன்.

செயலாளர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உனக்கு என்னடா வயது?"

"முப்பத்துமூண்டு, அண்ணை."

"பேந்தென்ன ரிட்டயர்ட்?"

"தபாலதிபருக்கு அறுபதிலை வந்தது எனக்கு இருபத்திரண்டிலை வந்திட்டுது. பென்சன்தான் இன்னும் வந்து சேரேல்லை. பாதை பூட்டிக் கிடக்கெல்லோ."

அவர் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார். "எட்டாம் வகுப்போடை விட்டனீ. எழுத்துப் பிழை வந்தால் நான் திருத்தமாட்டன்" என்றும் சொன்னார். நான் எட்டாம் வகுப்பைத் தாண்டவில்லை என்பது உண்மை. பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா என்பதில் இன்றைக்கும் இரண்டு கதை இருக்கிறது. பிழைகளை வாசிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளலாம்.

இப்போது நான் சைக்கிள் கடையில் டைனமோவைச் சுற்றி ரேடியோ பாடவைக்கிறேன். என் தொழில் அதுவல்ல. நான் துவக்குக்குத் தோட்டா நிரப்பியவன். இந்த இடத்தில் யாரும் மலரைக் கீழே போட்டுவிட்டு ஓடவேண்டாம். லைசென்ஸ் வைத்திருந்த மனிதர்களின் துவக்குக்கு, லைசென்ஸ் வைத்திருந்த கடையில், பட்டப்பகலில் நிரப்பினேன். இப்போது துவக்கு ரவை பெட்டி பெட்டியாக வந்து இறங்குகிறது. உள்ளே என்ன வெடிமருந்து என்று யாரும் கேட்பதில்லை. வெடித்தால் சரி. எங்கள் கடையில் ஒரு மனிதரின் ஒரு துவக்குக்கு எந்த மருந்து பொருந்தும் என்று மாதக்கணக்கில் பார்த்தோம். கலியாணத்துக்குக்கூட அவ்வளவு பொருத்தம் யாரும் பார்ப்பதில்லை.

கடை யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு சின்ன ஒழுங்கையில் இருந்தது. லைசென்ஸ் பிலோமினா மிஸ்ஸின் பெயரில். அவர் குருநகர்ப் பெண். தகப்பன் துவக்குத் திருத்துகிறவர். மிஸ் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானக் கூடத்து உதவியாளராக இருந்தார். தகப்பன் இறந்ததும் கடையை விற்றுவிடுவார் என்று எல்லாரும் நினைக்க, அவர் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கடையில் வந்து உட்கார்ந்தார். வரும்போது பள்ளிக்கூடம் கழித்துவிட்ட ஒரு தராசையும் கொண்டுவந்தார், கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிற தராசு. நாற்பது வயது. குரலை உயர்த்திக் கேட்டதில்லை. சாதாரணமாக என்னை 'டேய்' என்பார். கோபம் வந்தால் 'தம்பி, நீங்கள்' என்பார். மரியாதை கூடக்கூட நான் கதவுப் பக்கம் நகர்வேன்.

மூன்று வருடப் பயிற்சியை மூன்று வரியில் சொல்லிவிடலாம். முதல் வருடம் சுட்டுக் கழிந்த தோட்டாக்களின் வெறும் கோதுகளைத் துடைத்தேன். இரண்டாம் வருடம் கோதுகளை அளந்தேன், நீளம் கூடியதைக் குறைத்தேன். மூன்றாம் வருடம் தராசுக்குப் பக்கத்தில் நிற்க விட்டார், மூச்சு விடாமல்.

மூச்சு விடாமல் என்பது பகிடி அல்ல. மருந்து நிறுக்கும்போது மின்விசிறி நிற்கும், கதவு சாத்தும், யாரும் கதைக்கக்கூடாது. ஒரு சொல் சொன்னால் அந்தத் தட்டிலுள்ள அத்தனையையும் கொட்டிவிட்டு மறுபடி நிறுக்க வேண்டும். முதல் நாள் நான் பதினொரு தரம் மறுபடி நிறுத்தேன். பதினோராவது தரம் நான் சொன்னது "இனிக் கதைக்கமாட்டன், மிஸ்" என்பது.

அடுத்த சட்டம், மேசையில் ஒரு நேரத்தில் ஒரு பேணி மட்டும். மருந்து தகரப் பேணியில் வரும். ஒரு பேணி மூடி அலுமாரிக்குள் போன பிறகுதான் மற்றப் பேணி வெளியே வரவேண்டும்.

அந்தத் தொழிலில் நான் கண்ட பொருத்தங்களில் பெரியது சேவையருடைய ரைபிள். அவர் கரவெட்டிக்காரர். அரசாங்கத்தில் நிலம் அளந்து ஓய்வுபெற்றவர், முறையாக அறுபதில் ஓய்வுபெற்றவர். ஊரில் அவருக்குப் பெயர் கிடையாது, சேவையர்தான். இடது கண்ணில் சின்ன வயதில் பனங்கருக்குப் பட்டு வெள்ளையாகிவிட்டது. நல்ல கண் வலதுதான். "குறி பாக்கிறவன் ஒரு கண்ணைப் பொத்தவேணும், எனக்கு அந்த வேலை மிச்சம்" என்பார். சனிக்கிழமை காலையில் மணற்காட்டில் ஒரு உயர்ந்த மணல் மேட்டின் முன்னால் பலகையில் தாள் குத்திவைத்து இருபது வெடி வைப்பார். பறவை, மிருகம் ஒன்றையும் சுடமாட்டார், கடதாசியை மட்டும்தான் சுடுவார். வருடத்துக்கு ஒருமுறை கொழும்புக்குப் போய்ப் போட்டியில் சுட்டுவிட்டு வருவார். பெண்சாதி இல்லை, பிள்ளைகள் வெளிநாட்டில். சனிக்கிழமைதான் அவருக்கு வாரம்.

அவருடைய ரைபிளுக்கு மருந்து தெரிந்தெடுப்பதற்கு எங்களிடம் இரண்டு சாதி இருந்தது. இரண்டும் சாம்பல் நிறக் குச்சி குச்சியாக, நொறுக்கின பென்சில் கரி மாதிரி இருக்கும். ஒன்றின் குச்சி கொஞ்சம் நீளம். மற்றதன் குச்சி கொஞ்சம் கட்டை. பேணியில் இங்கிலீசில் பெயரும் இலக்கமும் இருந்தன. எனக்கு வாயில் வரவில்லை, ஆகவே நெட்டையன், கட்டையன் என்று வைத்தேன். மிஸ் முதலில் முகத்தைச் சுளித்தார். இரண்டு மாதத்தில் அவரே "நெட்டையனை எடு" என்றார்.

நெட்டையன் ஆறுதல்காரன். மெதுவாக எரிந்து, குண்டைக் குழாயின் நுனிவரை தள்ளிக்கொண்டு போவான். கட்டையன் அவசரக்காரன். குண்டு அசைவதற்கு முன்னமே எரிந்து முடிந்துவிடுவான். நெட்டையனுக்கு வைத்த அளவில் கட்டையனைப் போட்டால் அந்த வேகம் போக இடமில்லாமல் பின்னால் வரும். பின்னால் இருப்பது துவக்கின் பூட்டு. பூட்டுக்குப் பின்னால் இருப்பது சுடுகிறவருடைய கண்.

சரியான அளவில் வைத்தால் இரண்டும் நல்ல மருந்துதான். எந்த ரைபிளுக்கு எது என்பதுதான் கேள்வி. மிஸ் ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் இரண்டிலும் ஐந்தைந்து நிரப்பிக் கொடுத்தார். அளவை ஒவ்வொரு கிழமையும் ஒரு துளி மாற்றினார். திங்கட்கிழமை சேவையர் துளைபட்ட தாள்களைச் சுருட்டிக்கொண்டு பஸ்ஸில் வருவார். மிஸ் கவராயத்தை எடுத்துத் துளைக்கும் துளைக்கும் இடையை அளந்து கொப்பியில் எழுதுவார். ஒரு முறை கட்டையனின் துளைகள் கறுப்பு வட்டத்துக்கு நடுவிலேயே இருந்தன. நெட்டையனின் துளைகள் ஓரத்தில், ஆனால் ஒன்றின்மேல் ஒன்றாக. நான் கட்டையன் வென்றுவிட்டான் என்றேன்.

"நடுவிலை படுறது சேவையரின்ரை வேலை" என்றார் மிஸ். "ஒரே இடத்திலை படுறதுதான் எங்கடை வேலை."

அதற்குப் பிறகு வெயில் சோதனை. நிரப்பின தோட்டாக்களில் பாதியைத் தகரக் கூரையில் காயவைத்தார், பாதியைக் கிணற்றடியில் மண்பானைக்குள் வைத்தார். கட்டையன் வெயில் பட்டதும் ஆளே மாறிவிட்டான். நெட்டையன் கூரையிலும் நெட்டையன், பானையிலும் நெட்டையன். அன்றோடு சேவையருக்கு நெட்டையன் என்று முடிவானது. அதற்குப் பிறகு அவர் தாளைக் கொண்டுவந்து காட்டுவது அளப்பதற்கு அல்ல, சந்தோசத்துக்கு.

இனி என் பிழைக்கு வருகிறேன். எண்பத்துமூன்றின் தொடக்கம். ஆடிக் கலவரத்துக்கு முந்தின காலம்.

மருந்துக்கு அரசாங்கக் கச்சேரியில் பெர்மிட் எடுக்கவேண்டும். புதுப் பேணிக்குப் பெர்மிட் கேட்டால் பழைய பேணியை வெறுமையாகக் கொண்டுவந்து காட்டவேண்டும். அங்கிருந்த கிளாக்கர் பேணியை மேசையில் கவிழ்த்து, அடியில் மூன்று தட்டுத் தட்டுவார். ஒரு குச்சி விழுந்தாலும் "முடிச்சுக்கொண்டு வாரும்" என்று திருப்பிவிடுவார். ஆகவே அடியில் கிடப்பதைக் கொட்டிவிடுவது கடையின் பழக்கம். கிணற்றடி வாழைக்குக் கொட்டுவோம். மருந்தில் வாழைக்குப் பிடித்த உரம் ஏதோ இருக்கிறது, மிஸ் அதற்கு ஒரு விஞ்ஞானப் பெயர் சொல்வார். அந்த வாழைகள் எங்கள் கடையில் என்னைவிட நன்றாக வளர்ந்தன.

ஒரு புதன்கிழமை மிஸ் கட்டையனின் பேணியைக் காட்டி, "மிச்சத்தை வாழைக்குக் கொட்டிப்போட்டு கச்சேரிக்குப் போட்டு வா" என்றார். திறந்து பார்த்தேன். அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு மருந்து கிடந்தது. வழக்கமாக ஒரு சிட்டிகைதான் கிடக்கும். இரண்டு விரல் மருந்தை மண்ணில் கொட்ட எனக்குக் கை வரவில்லை.

எங்கள் வீட்டில் பழைய அரிசி முடியமுன்னம் புது அரிசி வந்தால் பழையதைப் புதியதின்மேல் போடுவோம். சீனிப் போத்தலின் அடியில் ஒட்டினதைச் சுடுதண்ணி விட்டு அலம்பித் தேத்தண்ணியில் ஊற்றுவோம். நல்லெண்ணெய்ப் போத்தலை மற்றப் போத்தலின் வாயில் கவிழ்த்துவைத்து ஒரு பகல் முழுக்க வடியவிடுவோம். எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். மிச்சம் என்றால் அதன் சாதிக்காரனோடு சேர்க்கவேண்டும் என்பது எனக்குப் பால்குடி காலத்துப் பாடம். நான் அலுமாரியைத் திறந்தேன். நெட்டையனின் பேணி பாதிக்குமேல் இருந்தது. கட்டையனை அதன்மேல் கொட்டி, இரண்டு தட்டுத் தட்டி, மூடிவைத்தேன். கிளாக்கர் வெறும் பேணியைக் கவிழ்த்தார், தட்டினார், ஒன்றும் விழவில்லை. பெர்மிட்டை வாங்கிக்கொண்டு வீசிலடித்தபடி வந்தேன்.

அடுத்த நாள் மிஸ்ஸுக்கு நாவாந்துறையில் ஒரு செத்தவீடு. போகும்போது கடைத் திறப்பைத் தந்தார். "சேவையரின்ரை இருபதையும் நீயே நிரப்பு. அவர் நாளைக்கு வருவார்." நான் தனியாக நிரப்புகிற முதல் இருபது அது. கதவைச் சாத்தினேன், விசிறியை நிறுத்தினேன், கதைக்க ஆளில்லாமல் இருந்தும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றையும் இரண்டு தரம் நிறுத்தேன். தராசின் ஊசி இருபது தரமும் ஒரே கோட்டில் நின்றது. நிறை சரி. நிறையில் ஒரு பிழையும் இல்லை. வெள்ளிக்கிழமை சேவையர் வந்து பெட்டியை வாங்கினார். நான்தான் நிரப்பினது என்று சொல்ல வாய் உன்னியது. தாள் வரட்டும், திங்கட்கிழமை சொல்லுவம் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மிஸ் வேறொருவருக்கு நிரப்ப நெட்டையனை எடுத்தார். எந்தப் பேணியைத் திறந்தாலும் முதலில் ஒரு சிட்டிகையை வெள்ளைத் தாளில் தூவி உருப்பெருக்குக் கண்ணாடியால் பார்ப்பது அவருடைய வழக்கம். நான் வியாழக்கிழமை அதைச் செய்யவில்லை. பேணியில் என்ன இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியுமே.

"தம்பி, இஞ்சை வாங்கோ."

தம்பியும் வாங்கோவும் சேர்ந்து வந்ததும் நான் கையில் இருந்ததைக் கீழே வைத்தேன்.

"இந்தப் பேணிக்குள்ளை என்ன கிடக்கு?"

"நெட்டையன், மிஸ்."

"வடிவாப் பாருங்கோ."

பார்த்தேன். நீளக் குச்சிகளுக்கு நடுவே கட்டைக் குச்சிகள் கிடந்தன. சும்மா கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். கண்ணாடிக்குள் சண்டைக்கு நிற்கிற மாதிரித் தெரிந்தன.

"கட்டையன் எப்பிடி இதுக்குள்ளை வந்தவர்?"

நடந்து வந்திருப்பார் என்று ஒரு பகிடி நாக்கின் நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"கச்சேரிக்குப் பேணி வெறுமையா வேணும்தானே, மிஸ். அடியிலை ரெண்டு விரல் கிடந்தது. வீணாப் போகுமெண்டு..."

"சேவையரின்ரையை எதிலை நிரப்பினனீங்கள்?"

"இதிலைதான்."

மிஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். துடைத்ததை மறுபடி துடைத்தார். ஏசுவார் என்று பார்த்தேன். ஏசவில்லை. "ஓடிப்போய்க் கார் பிடிச்சுக்கொண்டு வாங்கோ" என்றார். சேவையர் வீட்டில் டெலிபோன் கிடையாது. இருந்தாலும் அந்நேரம் அவர் மணற்காட்டுக்குப் புறப்பட்டிருப்பார். பலகை நட்டு, தாள் குத்தி, ஒன்பதரைக்கு முதல் வெடி வைப்பார்.

சந்தியில் வாடகைக்கு ஓடுகிற செபமாலை அண்ணையின் ஏ-40 கார் நின்றது. மிஸ் ஒரு பையில் உருப்பெருக்குக் கண்ணாடியையும் குறட்டையும் போட்டுக்கொண்டு வந்து பின்னால் ஏறினார். நான் முன்னால் ஏறினேன்.

"மணற்காட்டுக்கோ? என்ன மிஸ், காத்து வாங்கவோ?" என்றார் செபமாலை அண்ணை.

"கெதியா விடுங்கோ, அண்ணை."

"கெதியா விட இது கேக்கவேணுமே. இதுக்கும் என்னை மாதிரி நாரிப்பிடிப்பு."

வேறு நாளென்றால் காருக்கும் அவருக்கும் சேர்த்து ஏதாவது சொல்லியிருப்பேன். அன்று ஒன்றும் வரவில்லை. கோப்பாய் தாண்டினதும் மிஸ் பின்னாலிருந்து கேட்டார்.

"மேலை கொட்டினனீங்களோ, கலக்கினனீங்களோ?"

"மேலை கொட்டி, ரெண்டு தட்டுத் தட்டினனான்."

"அப்ப முதல் நிரப்பினதுகளிலைதான் கட்டையன் கூடக் கிடக்கும். கடைசியிலை குறைவு. பெட்டியிலை எப்பிடி அடுக்கினனீங்கள்?"

"நிரப்பின வரிசையிலைதான். இடது மூலையிலையிருந்து."

"சேவையர் எந்த மூலையிலையிருந்து எடுப்பார்?"

மூன்று வருடமாக அவருக்குத் தோட்டா கொடுக்கிறோம். அவர் எந்த மூலையிலிருந்து எடுப்பார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. செபமாலை அண்ணை கண்ணாடிக்குள்ளால் மிஸ்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கார் கேட்டதோ கேட்கவில்லையோ மிதித்தார்.

வல்லை வெளியில் காற்று குறுக்காக அடித்தது. மிஸ் மறுபடி கேட்டார். இந்த முறை குரலில் மரியாதை இல்லை.

"ஏன்டா கொட்டாமல் விட்டனீ?"

"மனம் வரேல்லை, மிஸ்."

அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் ஒரு நாளும் என்ரை கையாலை கொட்டினதில்லை" என்றார். "உன்னைத்தான் அனுப்புறனான். அப்பா இருக்கேக்கை அவர் கொட்டுவார். எனக்கும் மனம் வராது."

நெல்லியடி தாண்டி, வல்லிபுரம் தாண்டி, மணல் தொடங்குகிற இடத்தில் கார் நின்றது. அதற்குமேல் நடக்கவேண்டும். கதவைத் திறக்கும்போது வெடிச் சத்தம் கேட்டது. நான் மணலில் ஓடினேன். மணலில் ஓடுகிறவனுக்கு ஓடுகிற மாதிரி இருக்கும், இடம் நகராது. மிஸ் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார். இன்னொரு வெடி கேட்டது. அதற்கு முன்னம் எத்தனை வைத்தார் என்று தெரியாது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஒன்றும் கேட்காத நேரத்தைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது. பன்னிரண்டு வருடத்தில் எத்தனையோ சத்தம் கேட்டுவிட்டோம். அந்தச் சத்தமில்லாத நேரம் மாதிரி ஒன்று எனக்குப் பிறகு வரவில்லை.

சவுக்கு மரங்களைத் தாண்டினதும் தெரிந்தார். உட்கார்ந்திருந்தார். தலை குனிந்திருந்தது. கிட்டப்போனபோது தலையை நிமிர்த்தினார். கண் இருந்தது.

ரைபிள் அவருடைய மடியில் கிடந்தது. பூட்டைத் திறக்க உள்ளங்கையால் தட்டிக்கொண்டிருந்தார். அது இறுகி நின்றது.

"ஐயா, கையை எடுங்கோ. விடுங்கோ அதை" என்றார் மிஸ், மூச்சு வாங்க.

"மிஸ்ஸோ? நீங்கள் எங்கை இஞ்சை?" அவர் ஆச்சரியப்படக்கூட இல்லை. ரைபிளைப் பக்கத்தில் சாக்கின்மேல் வைத்தார். "வந்ததும் நல்லதுதான். திங்கட்கிழமை வந்து சொல்லவேணுமெண்டு இருந்தனான். இனி எனக்குத் தோட்டா வேண்டாம்."

பலகையில் இருந்த தாளைக் காட்டினார். ஏழு துளை. ஒன்று மேலே, ஒன்று கீழே, ஒன்று தாளின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு. கோழி கிளறின மாதிரி.

"மற்றக் கண்ணும் போகுது, மிஸ்" என்றார். "ரெண்டு மூண்டு மாசமாச் சாடையாச் சந்தேகம். பின்னேரத்திலை எழுத்து மங்குது. இண்டைக்குத் தெரிஞ்சுபோச்சு. ஏழு வெடியும் ஒரு பிடி. ஒரு மூச்சு. நான் ஒண்டும் மாத்தேல்லை. தோட்டா உங்கடை தோட்டா. பேந்து பிழை எங்கை கிடக்கும்?"

"தோட்டாவிலைதான் பிழை, ஐயா."

"உங்கடை தோட்டாவிலை பிழை வராது. எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம்."

"என்ரை கடையிலைதான் பிழை. அதுக்குத்தான் ஓடி வந்தனாங்கள்."

அவர் தலையை ஆட்டினார். மிஸ் என்னைப் பார்க்கவில்லை. நான் நிரப்பினேன் என்று அவர் சொல்லமாட்டார் என்பது எனக்கு விளங்கியது. நான் வாய் திறக்காவிட்டாலும் காரில் ஏறித் திரும்பிப் போகலாம் என்பதும் விளங்கியது.

"ஐயா, நான்தான் நிரப்பினது. மிஸ் செத்தவீட்டுக்குப் போட்டா. நான் ரெண்டு மருந்தைக் கலந்துபோட்டன்."

சேவையர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உனக்கு எப்பவும் பகிடிதான். இது பகிடி விடுற நேரமில்லை, மோனை. போ."

"சத்தியமா ஐயா. வேணுமெண்டு இல்லை. மிச்சம் வீணாப் போகுமெண்டு."

"கண் போனவனுக்கு ஆளாளுக்கு ஒரு கதை."

அவர் என்னை நம்பவில்லை. நான் நம்பக்கூடிய ஆளாக அதுவரை நடந்ததும் இல்லை. மிஸ் பெட்டியிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்தார். ஏழும் வலது மூலையிலிருந்து போயிருந்தன. இடது மூலையில் நான் முதல் நிரப்பினது அப்படியே நின்றது. மிஸ் அதைத்தான் எடுத்தார். குறட்டால் குண்டை மெதுவாகக் கழற்றினார். வெள்ளைக் கைலேஞ்சித் துணியை மணலில் விரித்து, மருந்தை அதன்மேல் கொட்டினார். உருப்பெருக்குக் கண்ணாடியைச் சேவையரின் கையில் வைத்தார்.

"எத்தினை சாதி கிடக்கெண்டு நீங்களே சொல்லுங்கோ."

பிறகு என்ன நடந்தது என்று கேட்பீர்கள், அதை இந்த இடத்திலேயே முடித்துவிடுகிறேன். திங்கட்கிழமை மிஸ் நெட்டையனின் பேணி முழுவதையும் என்னைக் கொண்டே வாழைக்குக் கொட்டுவித்தார். பக்கத்தில் நின்று பார்த்தார். என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை, தனியாக நிரப்பவும் விடவில்லை. இறுகின பூட்டைத் திருத்த ஆறு நாள் சென்றது. சேவையர் ஒரு நாளும் என்னை ஏசவில்லை, ஏசியிருந்தால் நானும் ஏதாவது பகிடி சொல்லித் தப்பியிருப்பேன். அடுத்த வருடம் லைசென்ஸ் துவக்குகளை எல்லாரும் ஒப்படைக்க வேண்டியிருந்தது. சேவையரும் தன்னுடையதை எண்ணெய் போட்டுத் துடைத்து ஒப்படைத்தார். மிஸ் கடையைப் பூட்டிவிட்டுத் தமக்கையிடம் மன்னாருக்குப் போனார். நான் ஓய்வுபெற்றேன். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எல்லாருக்கும் நடந்தது, எழுத எனக்கு அலுப்பு.

மணற்காட்டில் அன்றைக்கு, சேவையர் கைலேஞ்சியின் முன்னால் குப்புறப் படுத்தார். காற்றுக்கு மருந்து பறக்காமல் மிஸ் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தோம். அவர் சவுக்கு ஊசி ஒன்றை எடுத்து, கண்ணாடிக்குள் பார்த்தபடி குச்சிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பிரித்தார். காணி பிரிக்கிறவருடைய கை, அவசரமில்லை.

"நெட்டை" என்றார். "நெட்டை. கட்டை. கட்டை. இது நெட்டை."

இரண்டு வரிசை வளர்ந்தது. நான் பார்த்தேன், எனக்குச் சும்மா கண்ணுக்கு இரண்டு வரிசையும் ஒன்றாகத்தான் தெரிந்தன. ஒரு குச்சியில் அவருடைய ஊசி நின்றது.

"இது கட்டை" என்றார் மிஸ், குனிந்து பார்த்து.

"இல்லை. இது முறிஞ்ச நெட்டை. நுனியைப் பாருங்கோ, ஒரு பக்கம் வெட்டு, மற்றப் பக்கம் பிளவு."

மிஸ் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"ஓம், ஐயா" என்றார். "முறிஞ்சதுதான். நான் தவறவிட்டிட்டன்."

சேவையர் கண்ணாடியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். முறிந்ததை நெட்டையனின் வரிசையில் சேர்த்தார். வெயில் ஏறிவிட்டது, தூரத்தில் செபமாலை அண்ணை கோர்ன் அடித்துக் கூப்பிட்டார்.

"போதும் ஐயா, விளங்கிட்டுதெல்லோ" என்றார் மிஸ். "எழும்புங்கோ."

"நீங்கள் போறதெண்டால் போங்கோ" என்றார் அவர், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் இதை முழுக்கப் பாத்து முடிச்சுப்போட்டு வாறன்."